கேப்டன் கைகாட்டிய பக்கம்

பம்பாய் மேட்சை ஜெயித்துவிட்டு ரண்சருக்குத் திரும்பியபோது வக்தசிங்குக்குக் கால் தரையில் பாவவில்லை. ரயிலடியிலிருந்து அரண்மனை வாசல்வரை இரண்டு பக்கமும் ஜனங்கள் நின்றார்கள். வெள்ளைக்காரர்களின் டீமை இந்தியா ஜெயிப்பது என்றால் சும்மாவா? அதிலும் கேப்டன், ஊரே பாபு என்று கூப்பிடும் நம்ம ராஜா. ரண்சர் சின்ன சமஸ்தானம்தான். குஜராத்தில் காத்தியாவாரின் வரைபடத்தில் கட்டை விரலை வைத்தால் மறைந்துவிடும். ஆனால் அந்த வாரம் அதன் ராஜா, தாகோர் சாகேப் வக்தசிங்கின் படம் வராத பத்திரிகை கிடையாது.

தான் பெரிய பேட்ஸ்மேன் அல்ல என்று வக்தசிங்குக்கே தெரியும். ஏழாவதாகப் போவார், நாலைந்து நல்ல ஷாட் அடிப்பார், வந்துவிடுவார். அவரைக் கேப்டனாகப் போட்டதன் காரணமும் ஊரறிந்தது. இந்துவுக்குக் கீழே முஸ்லிம் ஆடமாட்டான், முஸ்லிமுக்குக் கீழே பார்ஸி ஆடமாட்டான், எல்லோரும் ராஜாவுக்குக் கீழே ஆடுவார்கள் என்பது கிரிக்கெட் போர்டின் கணக்கு. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததில்லை. மட்டை சரியாகப் பேசாவிட்டாலும் தனக்கு மூளை இருக்கிறது, யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்று தனக்குத் தெரியும் என்று அவர் உறுதியாக நம்பினார். பம்பாய் வெற்றி அந்த நம்பிக்கைக்கு முத்திரை குத்தியிருந்தது.

தொடரின் முதல் மேட்ச் டிராவில் முடிந்திருந்தது. மூன்றாவது, கடைசி மேட்ச் ரண்சரிலேயே நடந்தது. அவருடைய அப்பா கட்டிய மைதானம். அரண்மனைப் பெண்களுக்கென்று மாடியில் தனி இடம், முன்னால் மூங்கில் தட்டி. முதல் நாள் இந்தியா ஆடி முடித்தது. இரண்டாம் நாள் வெள்ளைக்காரர்கள் ஆடினார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வக்தசிங் மாடிக்கு ஏறினார். ராணி ஹேம்குவர்பா தன் கணவர் ஆடும் பெரிய மேட்சைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இரண்டு வார்த்தை புகழ்ச்சி கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தார்.

"எப்படி இருக்கு ஆட்டம்?"

"நல்லா இருக்கு. ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளேன்."

"நீங்க கையை நீட்டினதும் எல்லாரும் அந்த நெட்டை ஆளைப் பாக்கறாங்களே, அது இந்த ஆட்டத்துல ஒரு சட்டமா?"

"எந்த நெட்டை?"

"ஸ்டம்ப்புக்குப் பின்னால, கீப்பர் பக்கத்துல நிக்கறாரே. தொப்பியைக் கண்ணு வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு."

"பாட்கரா? வைஸ் கேப்டன்."

"அவர்தான். நீங்க கை காட்டறீங்க. அவங்க அவரைப் பாக்கறாங்க. அவர் தொப்பியைத் தொட்டா நின்ன இடத்துலயே நிக்கறாங்க. தொடலைன்னா நீங்க சொன்ன பக்கம் போறாங்க. சில சமயம் அவர் விரலைக் காட்டறார், அந்தப் பக்கம் போறாங்க. கர்பாக் கும்மி ஆடறப்ப முன்னால ஆடறவளைப் பாத்து மத்தவங்க அடி வெப்பாங்களே, அந்த மாதிரி அழகா இருக்கு."

வக்தசிங் சிரித்தார். "தட்டிக்குப் பின்னாலேர்ந்து உனக்கு என்ன தெரியும்?"

"தட்டிக்குப் பின்னாலேர்ந்துதான் எல்லாம் தெரியும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்படித்தானே பாக்கறேன்" என்றாள் ராணி. அவள் பேச்சில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே சட்டம் என்றுதான் நினைத்திருந்தாள்.

படியிறங்கும்போது அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. கையைக் காட்டியபின் அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை. உத்தரவு போட்டவன் அது நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பது ராஜாவுக்கு அழகல்ல என்று சின்ன வயதிலேயே பழக்கியிருந்தார்கள். கையை நீட்டுவார், முதுகைத் திருப்பிக்கொண்டு தன் இடத்துக்கு நடப்பார். அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டுமென்றே ஒரு மடத்தனமான உத்தரவு போட்டார். கவரில் நின்ற ஹைதராபாத்காரனைக் கூப்பிட்டு, கீப்பருக்கு நேர் பின்னால் பவுண்டரிக் கோட்டில் போய் நிற்கச் சொன்னார். வீசுவது மெதுவான சுழல் பந்து. அந்தப் பக்கம் பந்து போக வழியே இல்லை. சொல்லிவிட்டு வழக்கம்போல முதுகைத் திருப்பினார். ஷூ கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்து, கை இடுக்கு வழியாகப் பார்த்தார்.

ஹைதராபாத்காரன் பாட்கரைப் பார்த்தான். பாட்கர் வேறெங்கோ பார்த்தபடி தொப்பியின் ஓரத்தைத் தொட்டான். ஹைதராபாத்காரன் போகிற பாவனையில் நாலு எட்டு வைத்து, பந்து வீச்சாளர் ஓடி வரும்போது நைசாகக் கவருக்கே நழுவி வந்துவிட்டான். அடுத்த பந்து அவன் கையிலேயே போய் விழுந்தது.

"வாஹ் பாபு!" என்று கூட்டம் கத்தியது.

அவர் நிமிர்ந்து நின்று கைதட்ட வேண்டியிருந்தது. பம்பாயில் மேட்சைத் திருப்பிய ஒரு கேட்ச் நினைவுக்கு வந்தது. பேட்ஸ்மேனின் காலடியில் நின்று அதைப் பிடித்தவனை, ஒரு ஓவர் முன்னால் பவுண்டரிக்குப் போகச் சொன்னது அவர்தான். அப்புறம் தானே மனம் மாறி அவனை நிறுத்தியதாக எப்படியோ அவருக்கு ஞாபகம் அமைந்துவிட்டது. அன்று மாலை நிருபர்களிடம், பேட்ஸ்மேனின் கால் அசைவைப் பார்த்தே தான் கணித்துவிட்டதாக வெகுநேரம் விளக்கியிருந்தார். பக்கத்தில் பாட்கர் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டிக்கொண்டே நின்றான். கீப்பர் சோராப்புக்கு அப்போது இருமல் வந்து வெளியே போனானே, அது இருமலா?

சாயங்காலம் யாருடனும் பேசாமல் அரண்மனைக்குப் போனார். ராணி சாப்பிடக் கூப்பிட்டாள். தலைவலி என்றார்.

அவர் நல்ல மனிதராக இருந்திருந்தால் மறுநாளே பாட்கரைக் கூப்பிட்டுப் பேசியிருப்பார். கெட்டவராக இருந்திருந்தால் டீமை விட்டே துரத்தியிருப்பார். இரண்டும் இல்லாமல், மறுநாளும் எதையும் காட்டிக்கொள்ளாமல் கையைக் காட்டிக் காட்டி முதுகைத் திருப்பினார். ஒவ்வொரு தடவையும் முதுகுக்குப் பின்னால் யாரோ தொப்பியைத் தொடுவது தெரிந்தது.

நான்காம் நாள், கடைசி நாள், இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா நல்ல நிலையில் இருந்தது. பாட்கர் நின்று ஆடிக்கொண்டிருந்தான். பம்பாய் கிர்காவில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா, லீவு போட்டுவிட்டு வந்து ஆடுகிறவன். நூறுக்கு இன்னும் ஒன்பது ரன். இன்னும் அரைமணி ஆடினால் எதிராளிக்கு எட்டாத தூரம் போய்விடலாம். தோற்பதற்கு வழியே இருக்காது. டிரெஸ்ஸிங் ரூமில் எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வக்தசிங் எழுந்து பால்கனிக்குப் போய், ஆடியது போதும், வாருங்கள் என்று கையை ஆட்டினார். இன்னிங்ஸ் டிக்ளேர்.

சோராப்தான் வாயைத் திறந்தான். "பாபு, பிட்ச் ரொட்டித் தட்டு மாதிரி இருக்கு, விக்கெட் விழாது. ஒரு அரைமணி..."

"கேப்டன் யாரு?"

"நீங்கதான் பாபு."

"அப்ப சரி."

பாட்கர் உள்ளே வந்தான். மட்டையைச் சாய்த்து வைத்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நல்ல முடிவு பாபு. அவங்களுக்கும் ஆசை காட்டினாத்தானே விக்கெட் விழும்" என்றான். வக்தசிங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்தப் பதவிசான குரலில்தான் இத்தனை நாள் தன்னைக் குழந்தையைப்போல் நடத்தியிருக்கிறான்.

மைதானத்தில் இறங்கியதும் பாட்கர் வழக்கமான இடத்துக்கு நடந்தான்.

"அங்க இல்ல. நீங்க பவுண்டரிக்குப் போங்க. அந்த மரத்தடிப் பக்கம்."

"சரி பாபு."

"பாட்கர்! தொப்பியைக் கழட்டிட்டுப் போங்க."

மற்றவர்கள் எல்லோரும் நின்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். வேகப்பந்து வீச்சாளன் அல்லாதித்தா பந்தைத் தொடையில் தேய்ப்பதை நிறுத்தினான். பாபுவுக்குத் தெரிந்துவிட்டது என்பது எல்லோருக்கும் அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

பாட்கருக்கு முப்பது வயதுதான். ஆனால் தலை முழுவழுக்கை. அதனாலேயே அவன் யார் முன்னாலும் தொப்பியைக் கழற்றுவதில்லை. ரயிலில் தூங்கும்போதுகூடத் தலையில் ஒரு துண்டு இருக்கும். டீமில் எல்லோருக்கும் அது தெரியும், யாரும் அதைச் சீண்டமாட்டார்கள். அவன் ஒரு கணம் வக்தசிங்கைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றி, மடித்துப் பையில் செருகிக்கொண்டு, வெயிலில் பவுண்டரியை நோக்கி நடந்தான். மரத்தடிக் கூட்டம் முதலில் கொல்லென்று சிரித்தது. அப்புறம் ஒருவன், "ஏய், சந்திரன் பகல்லயே வந்துருச்சுடா!" என்று கத்தினான். மைதானமே சிரித்தது.

வக்தசிங் அந்தச் சிரிப்பைக் கேட்டார். அதை அவர் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

அன்று அவர் சொன்ன இடத்தில்தான் எல்லோரும் நின்றார்கள். ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அதுதான் வினையாகிப்போனது. ஆள் இல்லாத பக்கமாகப் பந்து போய்க்கொண்டே இருந்தது. ஆளை அங்கே மாற்றினால் இங்கே போனது. அல்லாதித்தா ஒரு தடவை அருகில் வந்து, "எங்க போடட்டும் பாபு? நீங்களே சொல்லிருங்க" என்றான். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "நல்லாப் போடு" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். பொழுது சாய்வதற்குள்ளேயே வெள்ளைக்காரர்கள் அடித்து முடித்து ஜெயித்துவிட்டார்கள். தொடர் சமமாகிவிட்டது.

ஜனங்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாக இல்லை. பாபுவுக்கு மாலை போட்டார்கள். பேண்டு வாசித்தார்கள். மாலை கழுத்தில் ஈரமாக ஒட்டியது. நிருபர்கள் சூழ்ந்துகொண்டு, ஏன் அவ்வளவு சீக்கிரம் டிக்ளேர் செய்தீர்கள் என்று கேட்டார்கள். அவர் மாலையைக் கழற்றத் தொடங்கினார்.

பின்னாலிருந்து பாட்கரின் குரல் வந்தது. "அது என் யோசனை. நான்தான் பாபுகிட்ட வற்புறுத்தினேன். என் கணிப்பு தப்பாப் போச்சு."

நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். 'இல்லை' என்ற ஒரு சொல். சொன்னால் போதும். பக்கத்தில் சமஸ்தானத்தைக் கண்காணிக்கும் ஆங்கிலேய ரெசிடென்ட் நின்றுகொண்டிருந்தார். வக்தசிங் சும்மா இருந்துவிட்டார்.

இரவு அரண்மனையில் இரண்டு டீமுக்கும் விருந்து. சாப்பாட்டுக்கு முன்னால் சாரண் குலத்து அரண்மனைப் புலவர் எழுந்து நின்று பாடினார். ராஜாக்களின் வீரத்தைப் பாடுவது அந்தக் குலத்தாரின் வேலை. அவர் அன்று பாடியதன் சாரம் இது: 'வீடு தேடி வந்த விருந்தாளி வெறுங்கையோடு போகக் கூடாதே என்று எங்கள் பாபு வெற்றியையே தானமாகக் கொடுத்தார். கர்ணன் கவசத்தைக் கொடுத்தான், வக்தசிங் மேட்சைக் கொடுத்தார்.' தர்பாரில் இருந்தவர்கள் மீசையைத் தடவிக்கொண்டு ஆஹா என்றார்கள். கோடி வரிசையில், தொப்பிக்குப் பதில் மராட்டித் தலைப்பாகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பாட்கர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வக்தசிங்கால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும். டிக்ளேர் பண்ணது நான் மட்டும்தான். பாட்கர் ஒரு வார்த்தை சொல்லலை. அவர் வேண்டாம்னுதான் நெனைச்சிருப்பார். நான் கோபத்துல பண்ணேன். மேட்ச் தோத்தது என்னால. பம்பாய்ல ஜெயிச்சது அவரால."

பிறகு வெள்ளைக்காரக் கேப்டன் எழுந்து கைதட்டினார். அவரோடு கூடமே எழுந்து தட்டியது. தன் ஆளைக் காப்பாற்ற எப்படிப்பட்ட பழியையும் தலையில் போட்டுக்கொள்கிறார், இதல்லவா தலைவன் என்று ரெசிடென்ட் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. புலவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வக்தசிங் இரண்டு தடவை, "இல்ல, நெஜமாத்தான்" என்றார். கைதட்டல் இன்னும் பலமாயிற்று. அவர் உட்கார்ந்துவிட்டார். பொய்யில் வந்த புகழைவிட உண்மையில் வந்த புகழ் அதிகமாகக் குத்தியது.

மறுநாள் காலை விருந்தினர் விடுதிக்கு அவரே நடந்துபோனார். பாட்கர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். எழுந்து கைகூப்பினான்.

"உக்காருங்க. எத்தனை நாளா இது?"

"முதல் மேட்ச்லேர்ந்தே பாபு."

"யார் யாருக்குத் தெரியும்?"

"டீம்ல எல்லாருக்கும். அம்பயருக்குத் தெரியும். ஸ்கோர் எழுதறவருக்குத் தெரியும்னு நெனைக்கிறேன்."

"எல்லாரும் சிரிச்சீங்களா?"

பாட்கர் பெட்டியை மூடினான். "முதல் வாரம் சிரிச்சோம். அப்புறம் சிரிக்க நேரமில்ல. ஜெயிக்கணுமே."

வக்தசிங் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நேத்து பழியை ஏன் நீங்க ஏத்துக்கிட்டீங்க? எனக்காகவா?" என்றார்.

"உங்களுக்காக இல்ல." முதல்தடவையாக அந்தக் குரலில் பதவிசு போயிருந்தது. "நோண்டிக் கேட்டா தொப்பி விஷயம் வெளில வரும். கேப்டன் பேச்சை மதிக்காத டீம்னு சொல்லி எங்க எல்லாரையும் தூக்கிருவாங்க. உங்களை ஒண்ணும் பண்ணமாட்டாங்க. அல்லாதித்தாவுக்கு இந்த ஆட்டத்தை விட்டா வேற கதி கிடையாது."

"நூறு போச்சே, அது..."

"நூறு அடுத்த மேட்ச்ல அடிச்சுக்கலாம் பாபு." பாட்கர் பெட்டியின் வாரை இழுத்தான். "அந்தச் சிரிப்பு இருக்கே. அதை நீங்க பண்ணியிருக்க வேண்டாம்."

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வக்தசிங் வந்திருந்தார். அவர் வாழ்நாளில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் வண்டி வந்துவிட்டது.

கோடையில் டீம் இங்கிலாந்துக்குப் போக வேண்டும். வக்தசிங் கேப்டன் பதவியைத் துறந்து, தன் இடத்தில் பாட்கரைப் போடும்படி போர்டுக்குத் தந்தி அடித்தார். போர்டின் தலைவர், அண்டை சமஸ்தானத்து ராஜா, காரைப் போட்டுக்கொண்டு நேரில் வந்துவிட்டார். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"என்ன வக்தசிங், வெயில் ஏறிடுச்சா? பாட்கர் ஒரு குமாஸ்தாய்யா. இங்கிலாந்து ராஜா கை குலுக்க வந்தா யார் முன்னால நிப்பான்?"

"பாட்கர் நிப்பான். ஆட்டம் தெரிஞ்சவன்."

"ஆட்டம் யாருக்கு வேணும்? நீ வேண்டாம்னா ஒரு நவாப் தயாரா இருக்கான். அவனுக்குப் பந்து எந்தப் பக்கம் உருண்டைன்னுகூடத் தெரியாது. அனுப்பட்டுமா?"

வக்தசிங் அந்த நவாபை அறிவார். தன் பேச்சு நடக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிற ஆள். தொப்பியைத் தொட்ட கையை ஒடித்துவிடுவான். இரண்டு நாள் யோசித்து, நானே போகிறேன் என்று சொல்லி அனுப்பினார். இதுவும் பதவி ஆசைதானோ என்ற சந்தேகம் கப்பலேறும்வரை, ஏறிய பிறகும், அவரை விடவில்லை.

இங்கிலாந்தில் முதல் மேட்ச் ஒரு சின்ன ஊரில். மே மாதக் குளிரில் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. முதல் ஓவர் முடிந்ததும் வக்தசிங் தன் இடத்தை விட்டுக் கிளம்பி, மைதானத்தின் நடுவாக, எல்லோரும் பார்க்க நடந்துபோய்ப் பாட்கரின் முன்னால் நின்றார்.

"யாரை எங்க நிறுத்தணும்? சொல்லுங்க."

பாட்கர் பதறிவிட்டான். "பாபு, எதுக்கு இவ்வளவு தூரம்? அங்கேர்ந்தே கை காட்டுங்க, நான் பாத்துக்கறேன்."

"வேண்டாம். சொல்லுங்க."

"மெதுவா கேளுங்க. பேட்ஸ்மேன் காதுல விழுது. எனக்குக் கூச்சமா இருக்கு."

"எனக்கும்தான். சொல்லுங்க."

அவன் சொன்னான். வக்தசிங் திரும்பி, உரத்த குரலில் அதையே உத்தரவாகச் சொன்னார். அடுத்த ஓவரும் நடந்தார். அதற்கடுத்ததும். சாயங்காலத்துக்குள் கூட்டம் அவர் நடைக்குத் தாளம்போட்டுக் கைதட்டத் தொடங்கியது. மறுநாள் பத்திரிகையில், வேலைக்காரனிடம் வழி கேட்டுக்கொண்டு தன் வீட்டுக்குள்ளேயே அலையும் ராஜாவாக அவரைப் படம் போட்டிருந்தார்கள். சோராப் அந்தப் பத்திரிகையை ஒளித்து வைத்தான். அவர் கேட்டு வாங்கிப் பார்த்தார். காலை டீ அப்படியே ஆறிப்போயிற்று. அன்றும் மைதானத்தில் நடந்தார்.

கோடை முழுக்க இப்படித்தான் போனது. பழகிவிடும் என்று நினைத்தார், பழகவில்லை. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் முகம் சூடாயிற்று. டீம் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. மூன்று பெரிய மேட்சில் இரண்டு தோல்வி, ஒன்று மழையில் போயிற்று. பாட்கர் ஒரு நூறு அடித்தான். அதைப் பற்றிக் கேட்ட நிருபர்களிடம் வக்தசிங், "அவர்தான் எங்க கேப்டன். நான் ராஜா, அவ்வளவுதான்" என்றார். ராஜாவின் நகைச்சுவை என்று அதையும் எழுதிவிட்டார்கள். அடுத்த வருஷத்துக்கு நவாபையே போடுவதாகப் போர்டு முடிவு செய்துவிட்டது என்று திரும்பும் கப்பலில் சேதி வந்தது. பாட்கரின் பேரை யாரும் எடுக்கவில்லை.

பம்பாய்த் துறைமுகத்தில் நல்ல மழை. வக்தசிங்கை அழைத்துப்போக ரண்சரிலிருந்து கார் வந்து நின்றது. பாட்கரை அழைத்துப்போக அவன் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் ஒரே குடைக்குள் வந்திருந்தார்கள். சின்னவள் ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். வக்தசிங் காரில் ஏறாமல் கொஞ்ச நேரம் நின்றார். குழந்தைகளிடம் ஏதாவது பேசலாம், உங்கப்பா எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர் தெரியுமா என்று சொல்லலாம் என்று அவருக்கு இருந்தது. கப்பலில் அத்தனை நாள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

பாட்கர் அவரைப் பார்த்தான். தூரத்திலிருந்தே மரியாதையாகக் கைகூப்பினான். பிறகு பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மனைவியிடம் ஏதோ சொல்லி, குழந்தைகளை முன்னால் விட்டு டிராம் நிற்கிற பக்கம் நடந்தான். மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. அவர் யாரென்று அவன் சொல்லியிருக்கவில்லை போலும்.

டிரைவர் கதவைத் திறந்து பிடித்தபடி நனைந்துகொண்டிருந்தான்.

"போலாமா பாபு?"

டிராம் கிளம்பும்வரை இருந்துவிட்டு, வக்தசிங் காரில் ஏறினார்.